கார்டில் மட்டும் நீல வானம்

இந்தக் கம்பி ஸ்டாண்டுக்கு யாராவது இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் புண்ணியமாகப் போகும். ஒரு சுற்றுக்கு ஒரு கிறீச். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருக்கிற எர்னஸ்டின் என்கிற அம்மாவுக்கும் அது கேட்கத்தான் செய்கிறது. கடைக்காரர் அல்லவா, சொல்ல மாட்டார். ஆனால் நான் சுற்றும்போதெல்லாம் அவருடைய ஊசி ஒரு நொடி நிற்கிறது. நின்றுவிட்டுப் போகட்டும். சுற்றாமல் இருந்தால் ஜன்னலைப் பார்ப்பேன், ஜன்னலைப் பார்த்தால் அந்த மேகத்தைப் பார்ப்பேன். தறிக்கு முன்னால் ஒரு பெண். ஆட்டுமந்தையோடு ஒரு பையன். மண் பூசிய வட்ட வீட்டு வாசலில் ஒரு கிழவர். தறிக்கு முன்னால் இன்னொரு பெண், அல்லது அதே பெண்தானோ என்னவோ. குதிரைமேல் இரண்டு பேர். அந்தக் காலத்தில் ரயிலிலும் காரிலும் இந்த அரிசோனாப் பாலைவனத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வாங்கித் தங்கள் ஊருக்குப் போட்ட போஸ்ட்கார்டுகள். ஸ்டாண்டில் இருப்பதெல்லாம் அவற்றின் மறு அச்சு. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. நவாஹோ தாயும் சேயும். நெசவு செய்யும் நவாஹோ பெண். நவாஹோ என்றால் இந்தப் பக்கத்துப் பழங்குடி, எர்னஸ்டின் அம்மாவின் ஜனம். ஒருவருக்கும் பேர் கிடையாது. எங்கள் ஊரில் ஆட்டுக்குக்கூடப் பேர் உண்டு. எல்லாக் கார்டிலும் வானம் ஒரே நீலம், வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும்போது கை தவறிக் கவிழ்த்துவிட்ட மாதிரி. ஜன்னலுக்கு வெளியே எங்கள் தலைக்கு மேலும் வானம் நீலம்தான். தூரத்தில், உச்சியைச் சீவிவிட்டது போல் தட்டையாக இருக்கிற அந்த மலைக்கு அப்பால் மட்டும், இல்லை, நான் பார்க்கவில்லை. என் மகள் கோமு 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை நினைக்கக் கூடாது என்றுதான் ஸ்டாண்டைச் சுற்றுகிறேன். சுற்றச் சுற்ற அதுதான் கிறீச்சிடுகிறது.

எல்லாம் இந்த மனிதரால் வந்தது. மற்ற வீட்டு ஆம்பளைகள் கோல்ஃப் ஆடுகிறார்கள், ஷேர் பார்க்கிறார்கள், கொல்லையில் கறிவேப்பிலை வளர்த்து அதற்குக் குளிர்காலத்தில் போர்வை போர்த்துகிறார்கள். என் வீட்டுக்காரர் கார்டு சேர்க்கிறார். ஆவுடையப்பன் என்ற முழுப்பேரை ஆபீசில் யாருக்கும் சொல்ல வரவில்லை, ஆவுடையை வெட்டிவிட்டு மிஸ்டர் அப்பன் ஆக்கிவிட்டார்கள். பீனிக்ஸ் நகரத்தில் பாதிப்பேர் அர்த்தம் தெரியாமலே இவரை அப்பா என்று கூப்பிடுகிறார்கள், இவருக்கும் அதில் ஒரு பெருமைதான். என்றைக்கோ செத்துப்போன யாரோ ஒருவருடைய வீட்டுச் சாமானை ஏலம் விடுவார்களாம், அதில் இருந்து வருகிறது இந்தக் கார்டெல்லாம். சாமி படம் மாதிரிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கை கழுவிவிட்டுத்தான் தொடுவார். நான் அதன் பின்பக்கத்தைத்தான் படிப்பேன். வெயில் தாங்கவில்லை. நேற்று சாப்பாடு நன்றாக இருந்தது. நாளை கிளம்புகிறோம். முன்பக்கம் நிற்கிற பெண்ணைப் பற்றி ஒரு கார்டிலாவது ஒருத்தராவது ஒரு வார்த்தை எழுதியிருக்க வேண்டுமே, கிடையாது. அதில் ஒரு கார்டு இவரைப் பிடித்து ஆட்டிவைத்தது. ஒரு ஆள் நுழையும் அகலத்துக்குப் பிளந்திருக்கிற செம்பாறை, மேலே இருந்து கோல் மாதிரி இறங்குகிற வெயில், அந்த வெயிலில் ஒரு பெண்பிள்ளை. மாதுளை நிறத்தில் வெல்வெட் சட்டை, வெள்ளிப் பொத்தான், கழுத்தில் நீலக்கல் மாலை. சிரிக்கவில்லை. கோமு வயசுதான் இருக்கும், பதினொன்று, பன்னிரண்டு. அதே இடத்தில் அதே மாதிரிக் கோமுவை நிறுத்தி ஒரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஹாலில் மாட்ட வேண்டும் என்று தலைகீழாக நின்றார். அதே மாதிரிச் சட்டையும் வரவழைத்தார். காலையில் மோட்டலில் அவளுக்கு அதைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோது, என்ன இது மாறுவேடப் போட்டியா என்று கேட்டேன். நீ எல்லாத்துக்கும் ஒரு கொக்கி போடுவே என்றார். எனக்கும் கோபம் வந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, நான் வரவில்லை, நீங்கள் அப்பாவும் மகளும் போங்கள் என்று இந்தக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலிக்கத்தான் செய்தது, அது பொய் இல்லை. எர்னஸ்டின் அம்மாவின் தம்பி லீலண்ட்தான் வழிகாட்டி. அவருடைய ட்ரக்கில் இவரும் கோமுவும் ஏறினார்கள், பின்னால் தங்கள் வெள்ளை வேனில் ஒரே மாதிரித் தொப்பி போட்ட வயசான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. எர்னஸ்டின் அம்மா கோமுவின் சட்டையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குத்தான் காது சுட்டது. இவருக்கு எங்கே சுடப்போகிறது, இவர் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமானதில் இருந்து எங்கள் ஆல்பம் எதிலும் இவர் கிடையாது. நான் இருக்கிறேன், கோமு இருக்கிறாள், வீட்டுக்கு வந்த பூனைகூட இருக்கிறது. படம் பிடிக்கிறவர் எப்படிப் படத்தில் இருப்பார்.

போறேன் என்று சொல்லக் கூடாது. இதை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை, பல்லு முளைக்கிறபோதே கூட முளைத்தது. கடைக்குப் போனாலும் போயிட்டு வாரேன், காலேஜுக்குப் போனாலும் போயிட்டு வாரேன், அவசரமாக இருந்தால் போயிட்டு என்பதையும் விட்டுவிட்டு வெறும் வாரேன். வாசலைத் தாண்டிப் போகிறவள் வாரேன் என்கிறாள், நிற்கிறவள் சரி வா என்கிறாள். வெளியூர்க்காரன் கேட்டால் பைத்தியம் என்றுதான் நினைப்பான். சாவு வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவோம், அங்கே வாரேன் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். கோமுவுக்கு இது புரியவே இல்லை. நேற்று ராத்திரி மோட்டல் வராந்தாவில் இருக்கிற மிஷினில் ஐஸ் எடுக்கப் போகிறவள், அம்மா போறேன் என்றாள். ஏட்டி, போயிட்டு வாரேன்னு சொல்லு என்றேன். போறேன்னா போறேன்தான், வாரேன்னு சொல்லிட்டு எப்படிம்மா போறது என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு ரோசம் வந்து, இனிமேல் இவளைத் திருத்தினால் என் பேர் செண்பகவல்லி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு சின்ன விஷயம். ஐஸ் கட்டிக்கு வந்த சண்டை. காலையில் ட்ரக்கின் ஜன்னலில் தலையை நீட்டி, அம்மா போறேன் என்றாள். வாரேன் என்கிற அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினேன். அவள் வேண்டுமென்றேதான் சொன்னாளோ, நான் திருத்துவேன் என்று காத்திருந்தாளோ, ட்ரக் திரும்புகிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளே. இன்னொன்று. கோமதி என்று இவர் அம்மா பேரை வைத்தோம், ஊரில் கோமு. பள்ளிக்கூடத்தில் அதையும் சுருக்கிக் கோ ஆக்கிவிட்டார்கள். கோ என்றால் ஆங்கிலத்தில் போ. பெற்ற பிள்ளையை வாரத்தில் ஐந்து நாள் ஒரு வகுப்பே சேர்ந்து போ, போ, போ என்று கூப்பிடுகிறது. முதல் தடவை கேட்டபோதே இவரிடம் சொன்னேன், உனக்கு வேறே வேலை இல்லையா என்றார். இருக்கிறது. இதுதான் என் வேலை. ஒரு வீட்டில் ஒருத்தியாவது பயப்பட வேண்டாமா.

பார்த்துவிட்டேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கழுத்து தன்னால் திரும்புகிறது. காலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது, இப்போது அந்த மலையின் பாதி முதுகைக் காணவில்லை. மேகத்துக்கு அடியில் இருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை தொங்குகிறது. அது மழை. இங்கே ஒரு பொட்டு இல்லை, வாசல் மணலில் பல்லி ஒன்று வெயில் காய்கிறது, ஆனால் அங்கே கொட்டுகிறது. ஜூலையில் இங்கே பெய்கிற மழைக்கும் மான்சூன் என்றுதான் பேர், முதல் வருஷம் கேட்டபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட என்ன இருக்கிறது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்தவளுக்குத் தெரியாதா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சித்தியோடு அருவிக்குப் போன ஒரு நாள், இப்படித்தான் வெயில் சுள்ளென்று அடித்தது. மலைக்கு மேலே எங்கேயோ மழை. எங்களுக்கு என்ன தெரியும், தலையில் சீயக்காயோடு நிற்கிறோம். முதலில் தண்ணீரின் நிறம் மாறியது, தேத்தண்ணி மாதிரி. அப்புறம் சருகு வந்தது. அப்புறம் ஒரு முழு மரக்கிளை. காவலுக்கு நின்றவர் விசிலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெளியே எறிந்தார். ஆமாம், எறிந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கரையேறின ஒரு புதுமாப்பிள்ளை, சோப்பு டப்பாவை விட்டுவிட்டேன் என்று திரும்பினான். காவல்காரர் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தார். சோப்பு டப்பா என்ன விலைய்யா, ஒம் பொண்டாட்டி தாலி என்ன விலை என்று கேட்டார். நாங்கள் ஈரத்தோடு நின்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் நின்ற இடத்தில் தண்ணீர் சுவர் மாதிரி இறங்கியது. அது அகலமான இடம், ஓட இடம் இருந்தது. இது ஆள் நுழையும் இடுக்கு. ஏணி வைத்துத்தான் இறங்குகிறார்களாம். இந்தக் கடைக்குப் பின்னால் ஒரு காய்ந்த ஓடை இருக்கிறது, அந்தப் பாறை இடுக்கில் இருந்துதான் இது வருகிறது என்று காலையில் எர்னஸ்டின் அம்மா தொப்பிக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதாவது தண்ணீர் வருமா என்று தொப்பிக்காரி கேட்டாள். வரும், ஆனால் இங்கே வருகிறதென்றால் அங்கே வந்து போய்விட்டது என்று அர்த்தம் என்றார். தொப்பிக்காரி அழகாக இருக்கிறது என்றாள். எதை அழகு என்றாளோ.

கல்லாவுக்குப் போனேன். எதையாவது கேட்க வேண்டும், மேகத்தைப் பற்றிக் கேட்க நாக்கு வரவில்லை. ஸ்டாண்டில் அந்தப் பாறை இடுக்குக் கார்டும் இருந்தது, இவர் கையில் இருப்பதன் மறு அச்சு. அதை எடுத்துக் கல்லாமேல் வைத்து, இந்தப் பெண்ணின் பேர் தெரியுமா என்று கேட்டேன். எர்னஸ்டின் அம்மா ஊசியைக் கீழே வைத்தார். வயசு அறுபதுக்கு மேல் இருக்கும், கையெல்லாம் மணி கோத்துக் கோத்துக் காய்த்திருக்கிறது. தெரியும் என்றார், என் அம்மாவுக்கு அக்கா. பேர் என்ன என்றேன் மறுபடியும், விவஸ்தை கெட்டவள். இறந்தவர்களின் பேரை நாங்கள் சொல்வதில்லை என்றார், கோபமாக இல்லை, செருப்பை வெளியே விடுங்கள் என்று சொல்கிற மாதிரி. எனக்கு உடனே, அந்தப் பாறையிலா, அங்கேயா என்று கேட்கத் தோன்றியது. என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இல்லை, இல்லை, நன்றாக வாழ்ந்தார், பேரன் பேத்தி எல்லாம் எடுத்தார், பற்கள் போனபிறகும் மக்காச்சோளம்தான் கேட்பார் என்று சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. கார்டில் நின்றவள் பிழைத்துக் கிழவியாகிவிட்டாள் என்றால் அந்த இடத்தில் நிற்கிறவளுக்கு ஒன்றும் ஆகாது என்று மனசு தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. படம் எடுத்தவர் யார் என்று கேட்டேன். யாருக்குத் தெரியும், எவனோ வந்தான், பிள்ளைக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தான், போனான் என்றார். பிறகு கார்டைத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அதன் மேல் ஓரத்தில் பாறைகளுக்கு நடுவே தெரிகிற துண்டு நீலத்தில் விரலை வைத்தார்.

"பெரியம்மா இதைப் பார்த்துச் சிரிப்பார். அன்றைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்ததாம். சீக்கிரம், சீக்கிரம் என்று அந்த ஆளை விரட்டி, ஒரே ஒரு படத்தோடு எல்லாரும் ஏறி ஓடினார்களாம். இந்த நீலமும் இந்த வெயிலும் அச்சாபீசில் போட்டதுதான்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அந்தத் தண்ணீர், என்று ஆரம்பித்தேன். அவர் கையை லேசாகத் தூக்கினார், அவ்வளவுதான். அதைப் பேச வேண்டாம், பேசினால் நம்மைத் தேடிக்கொண்டு வரும் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்தாயிரம் மைல் தள்ளி வந்தும் என் அம்மா சொல்கிற அதே சொல். அச்சானியமாப் பேசாதே, வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும். என் அம்மாவிடம் இந்தப் பயணத்தைப் பற்றிப் போனில் சொன்னபோது, அங்கேயும் செவ்விந்தியர்னு இந்தியர்தானாம்ல, நம்மாளுதான், பயப்படாதே என்றாள். அவளை நான் கேலி செய்தேன். எர்னஸ்டின் அம்மா போனை எடுத்துச் சுழற்றி அவர்கள் மொழியில் யாருடனோ பேசினார். அந்த மொழி தொண்டையில் நின்று நின்று வருகிறது, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கெட்ட சேதி என்று எனக்குப் பட்டது. வைத்துவிட்டு, லீலண்டுக்கு வாசனை தெரியும், எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவான், மிஸ்டர் அப்பனும் குழந்தையும் வந்துவிடுவார்கள் என்றார். குழந்தையும் என்று அழுத்திச் சொன்னது எனக்காகத்தான்.

செல்போனில் சிக்னல் இல்லை. இல்லை என்று தெரிந்தும் எடுக்கிறேன், பார்க்கிறேன், வைக்கிறேன். கோமுவின் சட்டை வெல்வெட். வெல்வெட் நனைந்தால் கனக்கும், வாளி நிறையத் தண்ணீரைக் கழுத்தில் கட்டின மாதிரி கனக்கும், ஒரு தடவை நான் தாவணி போட்ட வயசில் வெல்வெட் பாவாடையோடு ஆற்றில் இறங்கித் தெரிந்துகொண்டேன். நேற்றே அதை வெட்டிப் போட்டிருக்கலாம். அவளுக்கு நீச்சல் தெரியும், குளத்து நீச்சல், நீலக்கட்டம் போட்ட குளோரின் தண்ணீரில் பாட்டு வைத்துக் கற்றுத்தந்த நீச்சல். பாறை இடுக்கில் வருகிற தண்ணீரில் நீந்த முடியாது, அது தண்ணீரே இல்லை, கல்லும் மண்ணும் மரமும். அம்மா தாயே, சங்கரன்கோவில் கோமதி, உன் பேரைத்தானே வைத்திருக்கிறோம். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்க வேண்டும். இந்தப் பேண்ட் சட்டையில் முந்தானைக்கு எங்கே போவது. கைக்குட்டையில் ஒரு அமெரிக்கக் காசை வைத்து முடிச்சுப் போட்டேன், அம்மன் மன்னிக்கட்டும், சில்லறை எந்த நாட்டுச் சில்லறையாக இருந்தால் என்ன. முடிந்து முடித்ததும் எனக்கு ஒரு படம் தெரிகிறது, போக மாட்டேன் என்கிறது. பாறை, கோல் வெயில், அதில் கோமு. அவள் சிரிக்கவில்லை. அம்மா போறேன் என்கிறாள். ட்ரக் ஜன்னலில் சொன்ன அதே குரல். போயிட்டு வாரேன்னு சொல்லுட்டி, இப்போதாவது சொல்லு. நான் உதடு அசையச் சொன்னேன் போலிருக்கிறது, எர்னஸ்டின் அம்மா திரும்பிப் பார்க்கிறார். அந்தப் படத்துக்கு அடியில் ஒரு வரி அச்சாகிறது, பாறையிடையே ஒரு சிறுமி. பேர் இல்லை. ஐயோ, நான் ஏன் இதை நினைக்கிறேன், நினைப்பதும் சொல்வதும் ஒன்றுதானே. ஸ்டாண்டைச் சுற்று. தறி, ஆடு, கிழவர், தறி, குதிரை. கிறீச். தறி, ஆடு. வெயில் குறைந்தது. கடைக்குள் யாரோ விளக்கைக் குறைத்த மாதிரி இருந்தது. வாசல் மணலில் பல்லியைக் காணோம். ஒரு வாசனை வந்தது. முதல் மழைக்கு எங்கள் ஊர்ச் செம்மண் விடுகிற மூச்சு, கூடவே என்னவோ கசந்த இலை. எவ்வளவு ஆசையாக இழுத்திருக்கிறேன் அந்த வாசனையை. இப்போது மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பின்பக்கக் கதவு வழியாக ஓடினேன், முழங்கால் ஒன்றும் வலிக்கவில்லை. ஓடை காய்ந்துதான் கிடந்தது. அதோ, ஒன்றுமில்லை, மணல், ஒரு பழைய டயர், முள்ளு. நின்றுகொண்டே இருந்தேன். முதலில் சத்தம், தூரத்துச் சரக்கு ரயில் மாதிரி. அப்புறம் வளைவில் அது வந்தது. அலை மாதிரி எழும்பி வரவில்லை. ஒரு பழுப்புக் கம்பளத்தை யாரோ உருட்டிவிட்ட மாதிரி, முன்விளிம்பில் சருகும் நுரையும் குச்சியும் சுருட்டிக்கொண்டு நிதானமாக வந்தது, அதற்குப் பின்னால் நிதானம் இல்லாதது வந்தது. டயர் ஒரு தடவை நிமிர்ந்து நின்று போய்விட்டது. இங்கே வருகிறதென்றால் அங்கே வந்து போய்விட்டது. வந்து போய்விட்டது. நான் தண்ணீரில் மாதுளை நிறத்தைத் தேடினேன். பெற்றவள் தேடுகிற பொருளா அது. ஒரு பெரிய மரத்தூர் வேரைக் காட்டிக்கொண்டு போனது, ஒரு வினாடி அதைக் கை என்று நினைத்தேன். எர்னஸ்டின் அம்மா பின்னால் இருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார், நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்தாரோ, இறங்கிவிடுவேன் என்று நினைத்தாரோ. அப்போது கடையின் முன்பக்கம் டயர் சரளையில் உரசுகிற சத்தம். வெள்ளை வேன். கதவு இழுபடுகிற சத்தம். நான் எப்படி முன்பக்கம் வந்தேன் என்று தெரியாது. கோமு இறங்குகிறாள். முழங்கால்வரை செம்மண். சட்டை காய்ந்திருக்கிறது, வெல்வெட், காய்ந்திருக்கிறது. அவளைப் பிடித்தேன், முகத்தை, காதை, தலைமுடியை, எல்லாம் இருக்கிறது, எல்லாம் சூடாக இருக்கிறது. அவள் வியர்வை மணத்தில் என் மூச்சு திரும்ப வந்தது. போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் வந்துவிட்டாள். வெறும் வார்த்தை. நான் ஒரு பைத்தியம், ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு, இனிமேல் நீ என்ன வேண்டுமானாலும் சொல்லு, போறேன் என்று ஆயிரம் தடவை சொல்லு. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, சிரித்தேவிட்டேன். லீலண்ட் மூக்கைச் சுருக்கினாராம், கத்தினாராம், எல்லாரையும் ஏணியில் ஏற்றிவிட்டாராம், அவளை முதலில் ஏற்றினாராம், அவள் மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரியும் அவள் கணவரும் வேனைவிட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கிழவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். வேனில் வேறு யாரும் இல்லை. பின்னால் சாலையில் ட்ரக்கும் வரவில்லை.

"அப்பா எங்கட்டி?"

"மேல ஏறிட்டாங்கம்மா. கார்டப் பாறையிலேயே வச்சிட்டேன்னு சொன்னாங்க. அதப் பாத்துத்தான் என்னைய நிக்க வச்சாங்க. லீலண்ட் கையப் பிடிச்சாரு, உதறிட்டு இறங்கிட்டாங்க. லீலண்ட் அங்கேயே நின்னு கூப்பிட்டுட்டு இருக்காரு. என்னைய இவங்க வேன்ல ஏத்திவிட்டுட்டாரு." கோமுவின் கண் என் முகத்தைத் தாண்டிக் கடைக்குப் பின்பக்கம், அந்தச் சத்தம் வருகிற பக்கம் போனது. "ஒரு நிமிஷம்தான், போயிட்டு வாரேன்னு சொன்னாங்கம்மா."

எர்னஸ்டின் அம்மா உள்ளே போய்ப் போனை எடுத்துவிட்டார். ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கிறது. இடத்தைச் சொல்கிறார், தம்பி பேரைச் சொல்கிறார், ஒருவர் திரும்ப உள்ளே இறங்கினார் என்கிறார். காலையில் இருந்து மிஸ்டர் அப்பன், மிஸ்டர் அப்பன் என்று வாய்நிறையக் கூப்பிட்ட மனுஷி, அந்தப் பக்கம் இருந்து கேட்கிறார்கள் போலிருக்கிறது, பேரைச் சொல்லாமல் அவர், அந்தக் குழந்தையின் தகப்பனார் என்கிறார். நான் கதவருகில் நின்று, பேரைச் சொல்லுங்கள், அவர் பேரைச் சொல்லுங்கள் என்கிறேன், தமிழில் சொல்கிறேன், அவருக்கு எப்படிப் புரியும். கோமு என் கைக்குட்டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்காக முடிந்தது. அவருக்கென்று நான் ஒன்றுமே முடியவில்லை, காலையில் இருந்து ஒரு தடவைகூட அவருக்காகப் பயப்படவில்லை. ஓடையின் சத்தம் கடைக்குள்ளேயே இருக்கிறது இப்போது. அம்மா, அப்பா சரியாத்தானே சொன்னாங்க என்று கோமு கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். சரியாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.